இடது பக்கத் தகட்டில் மூன்று அடி

1957-ம் வருஷம் ஜூன் மாதம் 11-ந் தேதி செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, சப் மாஜிஸ்டிரேட் முன்னிலையில் எதிரி பாக்கியநாதன் கொடுத்த வாக்குமூலம். எதிரி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் பாக்கியநாதன். தகப்பனார் பெயர் சின்னதுரை, காலமாகிவிட்டார். எனக்கு வயது நாற்பத்தொன்று. மதம் கிறிஸ்தவம். செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா, கும்மிடிப்பூண்டியில் பெரிய ரோட்டோரம் பட்டறை வைத்து, அதன் பின்கட்டிலேயே குடியிருக்கிறேன். லாரி, பஸ்களுக்குத் தகர வேலை செய்வது என் தொழில். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவேன். துருப்பிடித்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து காஸ் வெல்டிங் செய்வேன். யுத்த காலத்தில் ஆவடியில் பட்டாளத்து வண்டிகளுக்கு நான்கு வருஷம் இதே வேலை பார்த்தவன். இதற்கு முன் எந்தக் கோர்ட்டுப் படியும் ஏறியதில்லை.

என்மேல் லாரி முதலாளி வரதன் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இம்மாதம் 3-ந் தேதி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் குடிவெறியில் வந்து, பொறாமையால், அவர் லாரியைச் சுத்தியால் கண்டபடி அடித்து நொறுக்கினேன் என்று அதில் கண்டிருக்கிறது. நான் குடிப்பவன் அல்ல. கண்டபடி அடிக்கவும் இல்லை. எண்ணி மூன்று அடி அடித்தேன். நான்காவதாக ஒரு காரியம் செய்தேன். அதை மறைக்கப் போவதில்லை, அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

மேற்படி லாரி பட்டாளத்தில் கழித்துவிட்டு ஏலம் போட்ட பழைய வண்டி. வரதன் அதை அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து பழவேற்காட்டுக்கு உப்பு ஏற்றுவதற்காக வாங்கினார். அங்கே மீன் காயப்போடுகிறவர்களுக்கு அந்த உப்பு போகிறது. 1955-ம் வருஷம் தை மாதம் வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மரத்தொட்டி உளுத்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிப்பக்கமும் இரண்டு பக்கங்களும் இரும்புத் தகட்டில் கட்டிக் கொடுத்தேன். உப்பு ஏற்றும் வண்டி என்பதால் ஒட்டு ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பூச்சு இரண்டு தரம் கொடுத்தேன். அத்துடன் அடித்தகட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு துளைகள் போட்டேன். அதற்குச் சொட்டுக்கண் என்று பெயர். உப்பளத்தில் வாரிப் போடுகிற உப்பு ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரம் வடிந்து ரோட்டில் போய்விட்டால் தகடு பிழைக்கும். வடியாமல் தேங்கினால் இரும்பை உள்ளிருந்தே தின்றுவிடும். இதை அன்றே வரதனிடம் இரண்டு தரம் சொன்னேன். தலையாட்டினார்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வழக்குக்கு அது முக்கியம் என்பதால் சொல்கிறேன். வேலை முடிந்ததும் என் சுத்தியை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். நான் வைத்த தகட்டில் அவர் இஷ்டப்பட்ட இடத்தில் மூன்று அடி அடிக்கலாம். நல்ல இரும்பு கணீரென்று பேசும். சின்னப் பள்ளம் விழுந்தால் நானே தட்டி எடுத்துவிடுவேன். மொத்தென்று சத்தம் வந்தாலும், ஒட்டு விரிந்தாலும் வண்டியை எடுத்துப்போக வேண்டாம், வேலை என் தலையில். மூன்று அடியும் தாங்கிய பிறகுதான் பின்பலகையில் என் பட்டறைப் பெயரை எழுதுவேன். பெரிய ரோட்டில் ஓடுகிற லாரிக்காரர்களுக்கு இது தெரியும். வரதனும் அன்று மூன்று அடி அடித்தார். மூன்றாவதை இரண்டு கையாலும் ஓங்கி அடித்துவிட்டு, “இன்னாயா இது, பீரங்கிக்கே அசையாது போலக்குதே” என்று சிரித்தார். அதற்குப் பிறகு ‘பாக்கியநாதன் ஒர்க்ஸ், கும்மிடிப்பூண்டி’ என்று பின்பலகையில் எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வண்டி ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. தினமும் காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து இருபத்திரண்டு பெண்கள் அதில் ஏறி உப்பளத்துக்குப் போவார்கள். உப்பை வாரி ஏற்றிவிட்டு, அந்த உப்பின் மேலேயே உட்கார்ந்து பழவேற்காடு போய் இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். பாரவண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பெண்களுக்கு வேறு வண்டி விடவில்லை. அவர்களுக்குத் தலைவியாக இருந்து கூட்டிப்போகிறவர் குப்பம்மாள். லாரி டிரைவர் பழவேற்காட்டைச் சேர்ந்த அசன் முகைதீன்.

சென்ற வருஷம் ஆவணி மாதம் ஒருநாள் பொன்னேரி ரயில்வே கேட்டில் மேற்படி லாரி நின்றதைப் பார்த்தேன். உப்பு நிறைய ஏற்றியிருந்தது. நான் சைக்கிளில் அதன் பக்கத்தில் நின்றேன். கேட் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணியில் லாரிக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. ரோடு காய்ந்து கிடந்தது. நான் டிரைவரிடம், “இன்னா பாய், வண்டி சொட்டவே இல்லியே?” என்று கேட்டேன். அதற்கு அவர், “மொதலாளி கண்ண எல்லாம் துணி வெச்சி தார ஊத்தி அடச்சிட்டாரு மேஸ்திரி. தண்ணி ரோட்ல பூட்டா எட கொறயுதாம்” என்று சொன்னார். உப்பை எடை போட்டு விற்கிறவருக்குத் தண்ணீரும் உப்புதான்.

சொட்டாத உப்பு வண்டி தன்னைத் தானே தின்கிற வண்டி. அது எனக்குத் தெரியும். அந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை. வரதனிடம் அப்போதே போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவருடைய இன்னொரு வண்டி அன்றைக்கு என் பட்டறையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தது. கேட் திறந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு இவ்வருஷம் மார்ச் மாதம் வரதன் லாரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, பக்கத் தகட்டில் பெயின்ட் உப்பியிருக்கிறது, சரிபண்ணு என்றார். நான் உப்பியிருந்த இடத்தில் திருப்புளியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. அடிவிளிம்பிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, இரண்டு பக்கமும், தகடு அப்பளமாக இருந்தது. வெளியே பெயின்ட் மட்டும் நின்றுகொண்டிருந்தது. துருவை விரலால் உதிர்த்து அவர் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினேன். அழுகின அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும், பத்து நாள் வண்டி நிற்க வேண்டும், சொட்டுக்கண்களைத் திறக்க வேண்டும் என்று சொன்னேன்.

வரதன், “சீசன்ல பத்து நாளு வண்டி நின்னா நான் இன்னாத்த துன்றது? மேலாக பட்டி பூசி பெயின்ட் அடிச்சி வுடு, மழைக்கி பார்த்துக்கலாம்” என்றார். பட்டி என்பது சுண்ணாம்புப் பொடியை எண்ணெயில் குழைத்த களிம்பு. சின்னக் கீறலை நிரவுவதற்கு அது போதும். ஓட்டையை அடைக்க அது உதவாது. நான், “மொதலாளி, அது மேல பொம்பளைங்க குந்திக்கினு போறாங்க. பட்டி பூசி அவங்கள ஏத்த என்னால முடியாது” என்றேன். “ஊர்ல நீ ஒர்த்தன்தான் டிங்கரா?” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துப்போனார். எதுவும் செய்யாமலே மறுநாள் உப்பு ஏற்றினார்.

அன்றைக்கும் நான் ஒரு காரியம் செய்யத் தவறினேன். வண்டி வெளியே போகும்போது பின்பலகையில் என் பெயர் இருந்தது. ஒரு டப்பா பெயின்டும் ஒரு பிரஷும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அழித்திருக்கலாம்.

மே மாதம் 14-ந் தேதி செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. குப்பம்மாளும் அசன் முகைதீனும் சொல்லித்தான் தெரியும். லாரி பாரத்தோடு பொன்னேரி கேட்டை நெருங்கும் திருப்பத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்ததால் முகைதீன் பிரேக் போட்டார். உப்பு இடது பக்கம் சாய்ந்தது. இடது பக்கத் தகடு அடிவிளிம்போடு கிழிந்து கதவு போலத் திறந்துகொண்டது. அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் செண்பகம், வயது இருபத்தாறு. அவள் உப்போடு சேர்ந்து கீழே விழுந்தாள். பின்சக்கரம் வலது காலில் ஏறியது. மூன்று மூட்டை அளவு உப்பு அவள் மேல் கொட்டிக் கிடந்தது. நசுங்கிய காலில் உப்பு. அவள் போட்ட கூச்சல் கேட் தாண்டி ஸ்டேஷன் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அதை நான் போய் என் கண்ணால் பார்த்தேன்.

(நிதானமாகச் சொல்லும்படி கோர்ட் எச்சரித்ததன் பேரில்:) நிதானமாகத்தான் சொல்கிறேன். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே உப்புத் தின்றவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் குடிக்கிறவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இதைக் கோபப்படாமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வரதன் ஊரெல்லாம், டிங்கர் வைத்த ஒட்டு விட்டுப்போய்விட்டது, வேலை சுத்தமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். கிழிந்தது என் ஒட்டு அல்ல. ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளி, துரு தின்ற இடம். 15-ந் தேதி காலை குப்பம்மாள் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. “உம் பேரு எழுதிக்கீதே நைனா, அத்த நம்பித்தான ஏறிக்கினு போனோம்” என்று மட்டும் சொன்னார். குப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த எழுத்து எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியும். அது இருக்கிற வண்டி மூன்று அடி தாங்கின வண்டி என்பதும் தெரியும். ரயில்வே கேட்டில் காய்ந்து கிடந்த ரோடுதான் என் கண்ணில் நின்றது.

அதற்குப் பிறகு லாரி இரண்டு வாரம் கண்ணில் படவில்லை. ஜூன் மாதம் 3-ந் தேதி காலை ஐந்தே முக்கால் மணி இருக்கும், பட்டறையைத் திறந்துகொண்டிருந்தேன். மேற்படி லாரி எதிரே வந்து நின்றது. பெண்கள் வழக்கமாக ஏறுகிற இடம் அதுதான். வண்டி முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடித்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இடது பக்கம் கிழிந்த சுவடே இல்லை. பின்பலகையில் மஞ்சள் எழுத்தில் புதிதாக ‘பாக்கியநாதன் ஒர்க்ஸ், கும்மிடிப்பூண்டி’ என்று எழுதியிருந்தது. அது என் கை எழுத்து அல்ல. நான் தொடாத வேலைக்கு என் பெயர்.

பெண்கள் இருபத்தோரு பேர் ஏறத் தயங்கி நின்றார்கள். வரதன் டிரைவர் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, “எதுக்கு பேஜாரு? அதே டிங்கர் கிட்டதான் ஜோரா வேல செஞ்சி கொணாந்துக்கிறேன். பாரு, பேரு எழுதிக்கீது. ஏறுங்க, ஏறுங்க” என்று சொன்னார். நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பதை அவர் பார்க்கவில்லை. ஒருத்தி சக்கரத்தின் மேல் கால் வைத்தாள்.

நான் பட்டறைக்குள் போய்ச் சுத்தியை எடுத்து வந்தேன். இந்தக் கோர்ட்டில் முதல் சான்றாக மேசைமேல் இருப்பது அதே சுத்திதான். கால் வைத்தவளை இறங்கச் சொன்னேன். வரதனிடம், “மொதலாளி, எம் பேரு போட்ட வண்டி. மூணு அடி அடிக்கணும். நீங்க அடிக்கிறீங்களா, நான் அடிக்கட்டா?” என்று கேட்டேன். அவர் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். நான் திருப்பித் தள்ளவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன்.

முதல் அடி மேல்பக்கத்தில், பழைய தகட்டில் அடித்தேன். கணீரென்றது. அது 1955-ல் நான் வைத்த தகடு, துரு ஏறாத இடம். பள்ளம்கூடச் சரியாக விழவில்லை. இரண்டாவது அடி ஒரு முழம் கீழே அடித்தேன். மொத்தென்றது. பெயின்ட் வெடித்துப் பட்டி கட்டிகட்டியாக உதிர்ந்தது. மூன்றாவது அடி அடிவிளிம்பில் அடித்தேன். சுத்தித் தலை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஓங்கி அடித்ததாகப் புகாரில் இருக்கிறது. ஓங்கவில்லை. ஆணி அடிக்கிற பலம்தான் கொடுத்தேன்.

சுத்தியை ஆட்டி வெளியே இழுத்தபோது அதன் தலையில் துணி சுற்றிக்கொண்டு வந்தது. துரு தின்ற ஓட்டைக்குள் துணியை அடைத்து, அதன்மேல் பட்டியைப் பூசியிருக்கிறார்கள். துணியை முழுக்க உருவினேன். சிவப்புக் கட்டம் போட்ட பழைய சேலைத் துண்டு. வட்டமாகச் சுருட்டித் தைத்து, ஓரத்தில் நீல நூலால் முடி போட்டிருந்தது. உப்புக்கூடை சுமக்கிற பெண்கள் தலையில் வைக்கிற சும்மாடு அது. குப்பம்மாள் அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். “இது நம்ப செம்பகத்துது. நீல நூலு அவதான் போடுவா. அன்னிக்கி வண்டிலயே வுய்ந்து பூட்ச்சி” என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, “அவ காலயும் எட்த்துக்கினு, அவ சும்மாட்டயும் உள்ள வெச்சி பூசிக்கிறான்டீ” என்றார். யாரும் அழவில்லை. அசன் முகைதீன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

அந்த நேரத்திலும் வரதன் அந்தத் துணியைப் பார்க்கவில்லை. பெயின்ட்டைத்தான் பார்த்தார். “என் லாரிய ஒட்ச்சிட்டியே! இது இன்னா உன் அப்பன் ஊட்டு தகரமா?” என்று கேட்டார். அதன் பிறகுதான் நான் மேலே சொன்ன நான்காவது காரியத்தைச் செய்தேன். உளியை எடுத்துவந்து, பின்பலகையில் இருந்த என் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சுரண்டி எடுத்தேன். பலகையில் ஆழமாகக் கீறல் விழுந்திருக்கிறது. அதற்கு அபராதம் விதித்தால் கட்டுகிறேன். அது வேலை அல்ல, கோபம். மூன்று அடிக்கு மட்டும் ஒரு காசு கட்டமாட்டேன். அது என் தொழில்.

(கோர்ட் கேள்விக்கு:) போலீசார் சுத்தியை எடுத்துச் சீட்டு ஒட்டினார்கள். உளியையும் லாரியையும் எடுத்துக்கொண்டார்கள். சும்மாட்டைக் கந்தைத்துணி என்று விட்டுவிட்டார்கள். அதைக் குப்பம்மாள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இன்று கொண்டுவந்திருக்கிறேன். இதோ மேசைமேல் வைக்கிறேன். பட்டி ஒட்டியிருக்கிறது, நீல நூலும் இருக்கிறது. இதற்கும் ஒரு சீட்டு ஒட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்ற கேள்விக்கு:) விரும்புகிறேன். சீசன் போகிறது, லாரியை இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வரதன் மனுப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இடது பக்கத்தைச் சரிபண்ணிக்கொள்வதாகவும், வலது பக்கத்தில் எந்தக் குறையும் இல்லை என்றும் அதில் எழுதியிருக்கிறாராம். கொடுத்தால் வியாழக்கிழமை அது உப்பு ஏற்றும். வலது ஓரத்திலும் பெண்கள்தான் உட்காருவார்கள். வேறு வண்டி இல்லாததால் ஏறத்தான் ஏறுவார்கள். என்னை ஜெயிலுக்கு அனுப்புவதானால் அனுப்புங்கள், அதைப்பற்றி நான் பேசவில்லை. லாரி இந்தக் கோர்ட்டு வாசலில் புங்கமரத்தடியில் நிற்கிறது. வலது பக்கத்தை நான் தொடவில்லை, பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. நான் பொறாமைக்காரன், குடிகாரன், என் பேச்சை நம்பவேண்டாம். சுத்தி மேசைமேல் இருக்கிறது. கோர்ட்டார் தம் கையால் அடிவிளிம்பில் மூன்று அடி அடித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

இதில் கண்டவை யாவும் நானாகச் சொன்னவை. யாருடைய தூண்டுதலாலும் மிரட்டலாலும் சொல்லவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்ன கோபம் சில இடங்களில் குறைந்திருக்கிறது, விஷயம் குறையவில்லை. நிஜம் என்று ஒப்பி இதன்கீழ் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சி. பாக்கியநாதன்

சப் மாஜிஸ்டிரேட் குறிப்பு: வாக்குமூலம் முடிந்ததும் பகல் ஒரு மணிக்கு, வாதியையும் எதிரியையும் வைத்துக்கொண்டு, முதல் சான்றான சுத்தியால் மேற்படி லாரியின் வலது பக்கத் தகட்டின் அடிவிளிம்பில் எம்மால் ஒரு அடி அடிக்கப்பட்டது. இரண்டாவது அடி அவசியப்படவில்லை. உள்ளிருந்து எடுக்கப்பட்ட துணிகளுக்குச் சீட்டு ஒட்டப்பட்டது. லாரியைத் திருப்பிக் கேட்டு வாதி போட்ட மனு தள்ளப்பட்டது.